வேலையா, ஒப்பந்தமா? ஓய்வு பெறுவோர்க்கு ஒரு கணக்கு

சென்ற பொங்கல் விழாவில், நம் சங்கத்துச் சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் ரயில்வேயில் சீனியர் செக்‌ஷன் எஞ்சினியர். வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். சர்க்கரைப் பொங்கலைக்கூட முடிக்கவில்லை, செல்போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். ராய்ப்பூர்ப் பக்கம் தனியார் சைடிங் வேலை செய்யும் ஒரு கம்பெனி அனுப்பிய வேலைக் கடிதம். சீனியர் மேனேஜர் பதவி, மாதம் 65,000 ரூபாய்.

"சார், பென்ஷனுக்கு மேலே இது. சேர்ந்துடலாமில்ல?"

"தாராளமாகச் சேரலாம். ஆனால் இன்றைக்கே பதில் போட்டுவிடாதீர்கள். பத்து நாள் பொறுங்கள்" என்றேன்.

எதிர்ப் பந்தியில் இருந்த நம் பத்திரிகைக் குழு நண்பர் காதில் இது விழுந்துவிட்டது. "ஏன் பொறுக்கணும்னு எழுதிக் கொடுங்க சார், இங்கே வருஷத்துக்குப் பத்துப் பேராவது ரிட்டயர் ஆகிறாங்க" என்று பிடித்துக்கொண்டார். நாகபுரியில் நம்மவர்களில் ரயில்வேக்காரர்கள் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்தப் பாடம். நான் வக்கீலும் அல்ல, ஆடிட்டரும் அல்ல. மதுரை தமிழ்நாடு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, 1980-ல் பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, 2018-ல் உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். முப்பத்தெட்டு ஆண்டுகள் காண்டிராக்டர்களிடம் கையெழுத்து வாங்கிய பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதில் எதிர்ப்பக்க நாற்காலிக்குப் போனபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

ஓய்வு பெற்ற இரண்டாவது மாதமே எனக்கும் ஒரு கடிதம் வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். "ஆலோசகர்" என்று பதவி, மாதம் 55,000. ஆலோசகர் என்ற சொல்லில் மயங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் காலை 9 முதல் மாலை 6 வரை, வாரம் ஆறு நாள், வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது. நான் விலகினால் இரண்டு மாத நோட்டீஸ். அவர்கள் விலக்கினால் நோட்டீஸே வேண்டாம். ஆலோசகர் என்பதால் பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது, விபத்து நடந்தால் இழப்பீடு கிடையாது. ஊழியனுக்குள்ள கடமை எல்லாம் உண்டு, உரிமை ஒன்றுகூட இல்லை. ரயில்வேயில் எந்த காண்டிராக்டரும் என்னிடம் இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை.

பத்தாவது மாதம் வினை வந்தது. ஒரு தொழிற்சாலை சைடிங்கில் புதிதாகப் போட்ட ஒரு பகுதி. பாயிண்ட்ஸ் பக்கத்தில் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி சரியாக விழவில்லை. கைக்கம்பியை விட்டால் வெறும் மண்ணில் இறங்குகிறது. மார்ச் மாதக் கடைசிக்குள் ரேக் உள்ளே வந்தாக வேண்டும் என்று தொழிற்சாலை நெருக்கியது. "ட்ராக் ஃபிட் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார் கம்பெனி மேனேஜர். 58 வேகன் நிலக்கரி ரேக் என்றால் எவ்வளவு எடை, அது பாயிண்ட்ஸில் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுத்தேன். "நீங்கள் எங்கள் ஆள்தானே, போடுங்கள்" என்றார். எங்கள் ஆள்! அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை. கடைசி மூன்று மாதப் பணம் 1,65,000 ரூபாய் வரவும் இல்லை. அதே சமயம் மதுரையில் என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வைப்புநிதியை உடைத்துத்தான் ஆபரேஷனுக்குக் கட்டினேன். கேட்டு வாங்க என் கையில் எந்த ஷரத்தும் இல்லை.

இரண்டாவது கடிதம் 2021 கடைசியில் வேறொரு கம்பெனியிலிருந்து வந்தது. ஜெனரல் மேனேஜர், மாதம் 75,000. இந்த முறை நான் செய்ததைத்தான் பாடமாகச் சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு முன்னெச்சரிக்கை. மத்திய அரசில் குரூப் 'ஏ' அதிகாரியாக ஓய்வு பெற்றவர்கள் முதல் ஓராண்டுக்குள் தனியார் வேலைக்கோ ஆலோசனைக்கோ போவதானால் முன்அனுமதி வாங்க வேண்டும். நான் குரூப் 'பி', எனக்கு அது இல்லை. ஆனால் நான் பில் பாஸ் செய்த காண்டிராக்டரிடம் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதைச் சட்டம் கேட்கவில்லை, மனம் கேட்டது.

கடிதம் வந்ததும் "சம்பளம் எவ்வளவு கூட்டித் தருவீர்கள்" என்று நான் கேட்கவில்லை. "உங்களிடம் என்ன வேலை இருக்கிறது, காட்டுங்கள்" என்றேன். டைரக்டர் நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர். கணக்கைக் காட்டினார். மூன்று சைடிங், மொத்தம் 22 கிலோமீட்டர் பாதை. பராமரிப்புக்கு சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். அவருக்குக் குறைந்தது அனுபவமுள்ள ஒரு கண்: மாதம் ஒருமுறை ஒவ்வொரு சைடிங்கையும் நடந்து பார்த்து, கேஜ், கிராஸ் லெவல், பாயிண்ட்ஸ் எல்லாம் அளந்து, என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தர ஆள் வேண்டும். நடக்க ஆறு நாள், எழுத இரண்டு நாள், ரயில்வே அதிகாரிகள் வரும்போது உடனிருக்க இரண்டு நாள். ஆக மாதம் பத்து நாள் வேலை. மீதி நாளெல்லாம் ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கத்தான் அந்தப் பதவி.

"எனக்கு வேலை வேண்டாம், காண்டிராக்ட் கொடுங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ரயில்வேக்காரர் காண்டிராக்ட் கேட்கிறாரே!"

சட்டம் இங்கே ஒரு வேறுபாடு வைத்திருக்கிறது. ஒருவரிடம் ஊழியம் செய்வதற்கான ஒப்பந்தம் ஒன்று. ஒரு வேலையை முடித்துத் தருவதற்கான ஒப்பந்தம் இன்னொன்று. எது எது என்பதைக் காகிதத்தில் உள்ள பெயரை வைத்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. குஜராத்தில் திராங்கத்ரா என்ற இடத்தில் உப்பளத் தொழிலாளர்களான அகரியாக்கள் வழக்கு ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. அவர்கள் குடும்பத்தோடு வந்து பாத்தியில் உப்பு எடுப்பார்கள், வேண்டுமானால் தாங்களே கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள், மணங்குக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனியோ அவர்கள் காண்டிராக்டர்கள் என்றது. உச்ச நீதிமன்றம், வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் கம்பெனி மேற்பார்த்துக் கட்டுப்படுத்துகிறது, ஆகவே இவர்கள் தொழிலாளர்களே என்ற முடிவை ஏற்றது. பிற்காலத் தீர்ப்புகள் கட்டுப்பாடு ஒன்றை மட்டும் பார்க்காமல் வேறு பலவற்றையும் சேர்த்துப் பார்த்தன. ஆனாலும் நமக்கு வேண்டிய கேள்வி இதுதான்: எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதை யார் சொல்கிறார்கள்? என் முதல் கடிதத்தில் எல்லாம் கம்பெனியே சொன்னது. பெயர் மட்டும் ஆலோசகர்.

இனிக் கட்டணக் கணக்கு. நம்மில் பலர் தவறுவது இங்கேதான். மாதம் 75,000 சம்பளம், முப்பதால் வகுத்தால் நாளுக்கு 2,500, பத்து நாளுக்கு 25,000 என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கம்பெனிக்காரரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

சரியான கணக்கைப் பாருங்கள். வருடச் சம்பளம் 9,00,000. ஊழியன் என்றால் கம்பெனிக்கு அதற்கு மேலும் செலவு உண்டு: பி.எஃப். பங்கு, பணிக்கொடை, லீவுச் சம்பளம், இன்ஷூரன்ஸ், சைட்டில் அறை, ஜீப், உதவியாள். இதற்கெல்லாம் நாலில் ஒரு பங்கு என்று வைத்தால் 11,25,000. வருடத்தில் ஊழியன் உண்மையில் வேலை செய்வது ஞாயிறு, பண்டிகை, லீவு போக 280 நாள். வகுத்தால் நாளுக்கு 4,000 ரூபாய். இது மாதாமாதம் நிச்சயமாகச் சம்பளம் வருகிறவனுடைய நாள் விலை. ஒப்பந்தக்காரனுக்கு வேலை இல்லாத மாதம் உண்டு; போன், ஆடிட்டர், விபத்துப் பாலிசி, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அவன் பணம். ஆகவே அதை ஒன்றரை மடங்காக்கினேன்: 6,000. பேரத்துக்கு இடம் வேண்டுமே, 7,000 என்று கேட்டேன்.

"ஐயாயிரம்" என்றார் டைரக்டர்.

ரயில்வேயில் டெண்டர் பேச்சுவார்த்தைகளில் ஒன்று கற்றிருந்தேன். விலையை மட்டும் தனியாகப் பேசினால் விலை இறங்கிக்கொண்டேதான் போகும். "ஆறாயிரத்துக்கு வருகிறேன். அதற்குப் பதிலாக மாதம் பத்து நாள் கட்டாயம், நீங்கள் கூப்பிடாவிட்டாலும் பணம் உண்டு, பில் கொடுத்த முப்பது நாளில் பணம்" என்றேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். ஜெனரல் மேனேஜராக வைத்தால் எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 94,000 ஆகியிருக்கும். இப்போது 60,000. அவருக்கு மாதம் 34,000 மிச்சம், எனக்கு மாதம் இருபது நாள் மிச்சம். அந்த இருபது நாளில்தான் மதுரைக்குப் போய் அம்மாவுடன் இருக்க முடிந்தது. முப்பது நாள் என்பதை நாற்பத்தைந்தாக்கினார், ஒப்புக்கொண்டேன். பயண நாளுக்கு அரைநாள் கட்டணம், ரயில் கட்டணமும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. நாகபுரியிலிருந்து ராய்ப்பூர் சுமார் 300 கிலோமீட்டர். போக வர ஆகும் நேரத்தை இலவசமாகக் கொடுத்தால் மாதத்தில் இரண்டு நாள் போய்விடும்.

பிறகு ஷரத்துகள். அவர்கள் வக்கீல் அனுப்பிய வரைவில் எட்டுப் பக்கம். அதில் ஒரு வரி: "ஆலோசகரின் ஆலோசனையால் கம்பெனிக்கு ஏற்படும் எந்த நஷ்டத்துக்கும் ஆலோசகரே பொறுப்பு." ஒரு ரேக் தடம் புரண்டால், வேகன் சேதம், டெமரேஜ் எல்லாம் சேர்ந்தால், நான் நாகபுரியில் கட்டிய வீடே போதாது. மாற்றச் சொன்னேன். என் பொறுப்பு அந்த வருடம் நான் வாங்கிய கட்டணத்துக்கு மேல் போகாது; நான் எழுதிக் கொடுத்த பரிந்துரையைச் செய்யாமல் விட்டதால் வரும் நஷ்டத்துக்கு எனக்குப் பொறுப்பே கிடையாது என்று எழுதச் செய்தேன். இதற்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. ஒரு கட்டத்தில் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வீட்டில்தான், "போன தடவை அவசரப்பட்டது போதாதா?" என்றாள்.

இன்னொன்று, "ஆலோசகர் வேறு எவருக்கும் வேலை செய்யக் கூடாது, விலகிய பின் இரண்டு ஆண்டுகளும் கூடாது" என்பது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. விலகிய பின்னும் நீளும் தடை பொதுவாக நிற்காது. ஆனால் ஒப்பந்தக் காலத்துக்குள் போடும் கட்டுப்பாடு செல்லக்கூடும், அதனால் அலட்சியமாக இருக்கக் கூடாது. அவர் பயம் நியாயமானதுதான், அவருடைய டெண்டர் விலையை நான் போட்டியாளரிடம் சொல்லிவிடுவேனோ என்று. ரகசியம் காப்பேன், அவர் கலந்துகொள்ளும் டெண்டரில் போட்டியாளருக்கு உதவ மாட்டேன் என்று எழுதினோம். வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரம் எனக்கு இருந்தது.

வேலையின் எல்லையையும் எழுத வேண்டும். ரயில்வேயின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில், அளவு இருபத்தைந்து சதவிகிதம்வரை கூடினால் அதே ரேட் என்று உண்டு. அதையே இங்கேயும் வைத்தேன். மூன்று சைடிங் நாலானால் நாளும் கூடும், புது ஒப்புதலும் வேண்டும். இல்லையென்றால், "சார், சும்மா இதையும் ஒரு பார்வை பார்த்துடுங்க" என்றே வருடம் ஓடிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் எழுதச் சொன்னது இது: "ஆலோசகர் தம் தொழில்முறைக் கருத்தின்படி மட்டுமே சான்று தருவார். சான்று தர மறுப்பது ஒப்பந்த மீறல் ஆகாது. கட்டணத்தை நிறுத்தக் காரணமும் ஆகாது." டைரக்டர் இரண்டு முறை படித்தார். "இப்படி யாரும் கேட்டதில்லையே" என்றார். முந்தைய கதையைக் கம்பெனி பெயர் சொல்லாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

வரி விஷயம் சுருக்கமாக. தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவிகிதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள், அது தொலைந்த பணம் அல்ல, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம் என்று பொறியியல் உள்ளிட்ட சில தொழில்களுக்கு ஒரு வசதி உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஏடிஏ என்று பெயர் பெற்றது. என் 7,20,000 ரூபாயில் 3,60,000 மட்டும் பென்ஷனோடு சேர்ந்தது. ஆனால் பென்ஷன்காரர்கள் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. அறுபது வயது தாண்டியவர்களுக்கு முன்வரி கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு அல்லவா? தொழில் வருமானம் வந்த அன்றே அந்த விலக்கு போய்விடும். பாதி வருமானம் காட்டும் முறையில் இருப்பவர்கள் முழு முன்வரியையும் மார்ச் 15-க்குள் கட்டியாக வேண்டும். எனக்கு முதல் வருடம் இது தெரியாமல் வட்டி கட்டினேன். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டாதவரை நம்மைப் போன்றவர்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, அடுத்த மாநிலத்துக் கம்பெனிக்கு வேலை செய்தாலும்கூட. என்றாலும் "ஜி.எஸ்.டி. வந்தால் கட்டணத்துக்கு மேல் தனியாக" என்று ஒரு வரி போட்டு வைப்பது நல்லது.

பணம் இழுத்தடிப்பதற்கு ஒரு மருந்து இருக்கிறது. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவு வந்திருக்கிறது, செலவில்லை, ஆதாரும் பானும் போதும். சிறு, குறு தொழிலாகப் பதிந்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும், 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2018-ல் எனக்குச் சட்டம் இருந்தது, பதிவுதான் இல்லை. இப்போது என் பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண் இருக்கிறது. அதைப் பார்த்தே அக்கவுண்ட்ஸ்காரர்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாகிறார்கள்!

2023 மழைக்காலத்தில் அந்தக் கையெழுத்து ஷரத்துக்குச் சோதனை வந்தது. ஒரு சைடிங்கில் கரை சரிந்து, பாதை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ரேக் வாசலில் நிற்கிறது, டெமரேஜ் ஏறுகிறது. டைரக்டரே போனில் பேசினார், குரலில் கோபம். முடியாது, மணல் மூட்டை அடுக்கி, ஜல்லி போட்டு, பேக்கிங் செய்த பிறகு பார்க்கிறேன் என்று அன்றிரவே ஈ-மெயிலில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் தாமதம். மூன்றாம் நாள் அளந்து பார்த்து எழுதிக் கொடுத்தேன். ரேக் நடை வேகத்தில் உள்ளே போயிற்று. அந்த மாத பில் நாற்பதாவது நாள் முழுதாக வந்தது. அவர் அதைப்பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, வேலையில் இருக்கும் பிள்ளைகளிடம் ராஜினாமா செய்யச் சொல்லிவிடாதீர்கள். எனக்குப் பென்ஷன் இருக்கிறது, ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதனால் பி.எஃப்., மெடிக்கல் இரண்டையும் பணமாக மாற்றிக் கேட்க முடிந்தது. முப்பத்தைந்து வயதில், பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளும் வீட்டுக் கடனும் வைத்திருப்பவருக்குக் கணக்கே வேறு. சுயதொழில் என்றால் வங்கிக்காரர்கள் சில வருட ரிட்டர்னைக் காட்டச் சொல்வார்கள். நோய் வந்து மூன்று மாதம் படுத்தால் சம்பளம் வராது. விபத்துப் பாலிசியில்கூட, சைட்டில் நடக்கும் விபத்துக்குப் பணம் உண்டா என்று வாயால் கேட்டால் போதாது, பாலிசியில் படித்துப் பார்க்க வேண்டும்.

பந்தியில் கேட்ட நண்பருக்கு வேலைக் கடிதமே சரியாக இருக்கலாம். அவருக்கு இன்னும் ஒரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள், மாதாமாதம் நிச்சயமாக வரும் தொகை வேண்டும் என்கிறார். வருகிற ஞாயிறு காலை வீட்டுக்கு வருகிறார். கடிதத்தை அச்சடித்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், கூடவே ஒரு வருடக் காலண்டரும். முதலில் அவருக்கென்று எந்தெந்த நாட்கள் வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அப்புறம் கடிதத்தைப் படிப்பதாக ஏற்பாடு.